அடுத்த எண் தொடங்குமுன்

மேவிஸ் ரிம்மருக்குக் குரல் போன செய்தி கேட்டு ஃப்ளீட்வுட் துறைமுக ஊரில் பாதிப் பேர் உச்சுக் கொட்டினார்கள். மீதிப் பேர் வெளியே உச்சுக் கொட்டிவிட்டு உள்ளுக்குள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். கழுத்துக் கட்டியை அறுத்தெடுத்த டாக்டர், குரல் திரும்பினாலும் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதமாக மேவிஸ் பேசுவதெல்லாம் வெறும் காற்றுதான். அவள் வாயருகே காதைக் கொண்டுபோனால்தான் திட்டுகிறாளா, தேநீர் கேட்கிறாளா என்று தெரியும்.

"பாதிக்கு மேல திட்டுதான்" என்பாள் மகள் நோரீன்.

இன்றைக்கு வியாழக்கிழமை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மேவிஸ் முதல் முறையாக, மேடையில் சொல்லும் எண்ணை டிக்கெட்டில் அடித்து ஆடும் பிங்கோ ஹாலுக்குக் கிளம்பியிருந்தாள். கடல்காற்று முகத்தில் அறைந்தது. ஐஸ்லாந்துப் பக்கம் இனி வலை போடக் கூடாது என்று ஆனதிலிருந்து மீன்பிடிக் கப்பல்களில் பாதி கரையிலேயே கட்டிக் கிடக்கின்றன. ஆனாலும் மீன் நாற்றம் மட்டும் ஊரை விட்டுப் போவதாக இல்லை. நோரீன் அம்மாவின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ட்ராம் தண்டவாளத்தைக் கடந்தாள்.

"அம்மா, இன்னொரு தடவை சொல்றேன். இன்னைக்கு மட்டும் வேற சீட்ல உட்காரேன். உனக்கு நம்பர் விழுந்தா கத்தணும். உனக்கோ சத்தம் வராது. பின்னாடி டிக்கெட் சரிபார்க்கற டோட் பக்கத்துல உட்கார்ந்தா அவ கத்துவா. பக்கத்துல இருக்கறவங்க கத்துனாலும் செல்லும்."

மேவிஸ் நின்றாள். மகளின் தலையைக் கீழே இழுத்துக் காதில் ஊதினாள்.

"ஹால் திறந்த நாள்லேர்ந்து அது என் சீட்டு. அவ வேணா எழுந்து போகட்டும்."

'அவ' என்றால் லினெட். மேவிஸின் மகன் டெரெக்கைக் கட்டி ஏழு வருஷம் குடித்தனம் செய்துவிட்டு, போன வருஷம் குழந்தை மாண்டியைத் தூக்கிக்கொண்டு அவனை விட்டுப் போனவள். டெரெக் கடலில் இருந்தால் மூன்று வாரம் தகவல் இருக்காது. கரையில் இருந்தால் மதுக்கடையில் இருப்பான். இவ்வளவு தெரிந்தும், லினெட் பெட்டியோடு இறங்கிய அன்று, தெருவே வேடிக்கை பார்க்க மேவிஸ் வாசலில் நின்று சொன்னாள்: "கப்பல்காரன் பொண்டாட்டிக்குக் காத்திருக்கத் தெரியணும்."

லினெட்டும் சும்மா போகவில்லை. "நீங்க காத்திருந்தீங்களே, என்ன கிடைச்சுது?"

மேவிஸின் கணவன் போன கப்பல் திரும்பி வரவே இல்லை. அது ஊருக்கே தெரியும். சொல்லக் கூடாத சொல்லை லினெட் சொல்லிவிட்டாள். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர பக்கத்து நாற்காலி மாறவில்லை. இடப்புறம் மூன்றாவது வரிசை, வெந்நீர்க் குழாயை ஒட்டிய இரண்டு இருக்கைகள். புது மருமகளாக வந்த வாரமே லினெட்டை மேவிஸ்தான் அங்கே அழைத்துவந்து பக்கத்தில் உட்காரவைத்தாள். குளிர்காலத்தில் ஹாலிலேயே கால் சூடாக இருக்கும் இடம் அது. போதாததற்கு இருவருக்கும் அந்த இடம் ராசி. கணவனை விட்டுவிடலாம், மாமியாரை விட்டுவிடலாம், ராசியான சீட்டை எந்தப் பைத்தியக்காரி விடுவாள்? ஒரு வருஷமாக இருவரும் தோள் உரச உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவில் சாம்பல் கிண்ணம் மட்டும் பொது.

ஹாலுக்குள் நுழைந்ததும் அம்மாவை இருக்கையில் உட்காரவைத்துவிட்டு நோரீன் கோட்டு மாட்டும் அறைக்குப் போனாள். லினெட் அங்கே நின்று தலையில் கட்டிய துணியை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நோரீனைக் கண்டதும் முகம் மாறியது.

"நல்லவேளை நீயே வந்தே. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்டி."

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?"

"சனிக்கிழமை நான் கிளம்பறேன். வடக்கே, அபர்தீனுக்கு. அக்கா வேலை பார்க்கற சாப்பாட்டுக் கூடத்துலயே எனக்கும் வேலை. எண்ணெய்க் கப்பல் ஆளுங்களுக்குச் சமைச்சுப் போடணும். ரூமும் குடுக்கறாங்க."

"மாண்டி?"

"அவளை இங்க விட்டுட்டா போவேன்?"

நோரீன் சுவரில் சாய்ந்தாள். இந்த ஒரு வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாண்டியைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, அம்மாவையும் 'தற்செயலாக' அங்கே வரவழைத்து, பாட்டியும் பேத்தியும் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தவள் அவள். குழந்தை அபர்தீனுக்குப் போனால் அது கண்காணாத தேசம்தான். பேசாத மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே ஒரு கடிதமாவது போகுமா?

"அம்மாகிட்ட சொல்ல வேண்டாமா?"

"சொல்லணும்தான். நான் எப்படிடி போய்ச் சொல்றது? அவங்க என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கறதில்லை."

"நான் சொல்றேன்."

"கூடாது." லினெட் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "நீ சொன்னா அது தூது. அப்புறம் உன் வழியாவே பதில் வரும், உன் வழியாவே சண்டையும் வரும். ஒரு வார்த்தை, 'எப்படி இருக்கே'ன்னு அவங்களா கேட்கட்டும். எல்லாத்தையும் சொல்றேன். அன்னைக்கு நான் சொன்னதுக்கு மன்னிப்பும் கேட்கறேன். கேட்கலைன்னா பேசாம போயிடறேன்."

"அவங்களுக்குக் குரலே இல்லையேடி!"

"குரல் இருந்தப்ப மட்டும் என்ன கேட்டாங்க?"

நோரீன் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தாள். கொடுத்த கணமே தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றியது.

மேடைப் படியருகே ஹால் மேனேஜர் பில்லிங் காத்திருந்தார். ஒல்லியான மனிதர். கழுத்துப் பட்டையைச் சரிசெய்தபடியே பேசுவது அவர் வழக்கம்.

"நோரீன், இன்னையோட உன் சோதனைக் காலம் முடியுது. ஞாபகம் இருக்கில்ல?"

"ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லை, மிஸ்டர் பில்லிங்."

பழைய அறிவிப்பாளர் ஓய்வுபெற்றபோது, தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த நோரீன் அந்த மேடை வேலையைக் கேட்டாள். எண் சொல்வது ஆம்பிளை வேலை என்று முகத்துக்கு நேரே சிரித்தார்கள். பில்லிங்கும் சிரித்தார். சிரித்துவிட்டு, மூன்று மாதம் பார்க்கலாம் என்றார். இன்று தேறினால் மைக் அவளுடையது. தவறினால் மறுபடி தேநீர்ப் பாத்திரம்.

"விதியெல்லாம் ஒரு தடவை சொல்லு, கேட்போம்."

நோரீன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தாள். பந்தை எடுத்தால் முழுசாகப் பார்த்த பிறகே வாயைத் திறக்க வேண்டும். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி. யாருக்காகவும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. ஆட்டம் நடக்கும்போது யாராவது பேசினால் அறிவிப்பாளரே அடக்க வேண்டும். ஜெயித்தவர் 'ஹவுஸ்' என்று குரல் கொடுக்க வேண்டும். கை தூக்கினால், எழுந்து நின்றால் செல்லாது. அடுத்த எண்ணின் முதல் ஓசை மைக்கில் வருவதற்குள் அந்தக் குரல் கேட்டாக வேண்டும். ஓசை வந்துவிட்டால் முந்தைய எண் செத்த எண்.

"அது யாரா இருந்தாலும்?" என்றார் பில்லிங்.

"யாரா இருந்தாலும்."

"உங்கம்மா வந்திருக்காங்க, பார்த்தேன். பாவம். அவங்க அடிக்கறதுக்கு ஒரு மணி வேணும்னு போன வாரம் கேட்டியே, யோசிச்சுப் பார்த்தேன், நோரீன். மணி அடிக்கலாம்னா ஸ்பூன் தட்டலாம்பான், ஸ்பூன் தட்டலாம்னா விசில் அடிக்கலாம்பான். குரல்தான். என்ன செய்ய?"

"புரியுது, மிஸ்டர் பில்லிங்."

அவளுக்கு நிஜமாகவே புரிந்தது. அதுதான் வேதனை.

அந்தக் காலத்தில் சினிமாக் கொட்டகையாக இருந்த ஹால் அது. மேலே பூவேலை செய்த கூரை, கீழே சிகரெட் புகை. நோரீன் மேடையேறி மைக் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றில் குதித்துக்கொண்டிருந்த பந்துகளில் ஒன்று குழாய் வழியே மேலே வந்தது.

அம்மா ஆடும்போது மூன்றாவது வரிசைப் பக்கம் பார்ப்பதில்லை என்று அவளாகவே ஒரு விதி வைத்திருந்தாள். பில்லிங் சொன்ன விதி அல்ல, அவளுடைய சொந்த விதி. எதிர்ச்சுவரில் இருக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் எண் சொல்வாள். பார்த்தால் மனம் அங்கே போகும். மனம் போனால் குரலும் போகும்.

"கண்ணைக் கீழே வையுங்க, ஆட்டம் ஆரம்பம். இரண்டு குண்டம்மா, எண்பத்தெட்டு."

எண்ணுக்கு முன்னால் அதன் செல்லப் பெயரைச் சொல்வது பிங்கோ வழக்கம். ஹால் முழுக்கப் பேனாக்கள் குனிந்தன.

"டாக்டர் சொன்னபடி, ஒன்பது."

"இந்த டாக்டர் சொன்னா நான் எதையும் முழுங்குவேன்!" என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். சிரிப்பு எழுந்தது. நோரீனும் சிரித்தாள். மூச்சு சீரானது.

"இரண்டு வாத்து, இருபத்திரண்டு."

"குவாக், குவாக்!" என்றது ஹால்.

டிக்கெட்டில் ஒரு வரி முடித்த பரிசு ஒருவருக்குப் போனது, இரண்டு வரி முடித்த பரிசு இன்னொருவருக்கு. டிக்கெட் முழுவதையும் முடிக்க வேண்டிய ஆட்டம் வந்தது. இதற்குத்தான் எல்லோரும் வருகிறார்கள். எண்கள் ஏற ஏறச் சத்தம் குறையும். கடைசியில் யாரோ கோப்பையை வைத்தால்கூடக் கேட்கும்.

பில்லிங் கதவருகே கைகட்டி நின்றிருந்தார். நோரீன் கடிகாரத்தைப் பார்த்தாள். எண் சொன்னாள். ஒரு முழு மூச்சு. அடுத்த எண். ஒரு முழு மூச்சு. குரல் வழுக்கிக்கொண்டு போயிற்று. இப்படியே போனால் மைக் தனக்குத்தான் என்று அவளுக்கே தோன்றியது.

"தொளதொள ட்ராயர், நாற்பத்து நாலு."

சொல்லிவிட்டு அடுத்த பந்தைக் கையில் எடுத்தாள். அறுபத்து மூன்று. அப்போதுதான் அந்தக் கண், பாழாய்ப் போன கண், கடிகாரத்தை விட்டுக் கீழே இறங்கியது.

அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

நோரீனுக்கு அது போதும். மேவிஸ் ரிம்மர் டிக்கெட்டின் கடைசி எண்ணை அடிக்கும்வரை பேனாவைக் கீழே வைத்ததில்லை. அம்மாவின் வாய் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சத்தம் இல்லை. கரையில் போட்ட மீன் மாதிரி வாய் திறந்து மூடியது. பக்கத்தில் லினெட் தன் டிக்கெட்டில் மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தாள்.

நிறுத்தக் கூடாது. குரல் கேட்காமல் நிறுத்தினால், கண்ணுக்குப் பிடித்தவர்களுக்காக ஆட்டம் நடத்துகிறாள் என்று ஆகும். காத்திருக்கவும் கூடாது. பில்லிங் பார்க்கிறார், ஹாலே பார்க்கிறது. காத்திருந்தாயா, காத்திருந்தாயா, அம்மாவுக்காகக் காத்திருந்தாயா?

"ஆறும்—"

"ஹவுஸ்!"

லினெட் எழுந்து நின்றுவிட்டாள். ஒரு கை மேவிஸின் டிக்கெட்டை உயர்த்திப் பிடித்திருந்தது. "ஹவுஸ்! அம்மாவுக்கு ஹவுஸ்! அம்மாவுக்குக் கத்த முடியலை!"

ஹால் உறைந்தது.

அம்மா என்றாளே! ஒரு வருஷமாக அந்த வாயிலிருந்து வராத வார்த்தை. மேவிஸ் மருமகளை அண்ணாந்து பார்த்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். திறந்த வாயை மூட மறந்துவிட்டாள்.

பில்லிங் நடைபாதை வழியே வேகமாக வந்தார். சரிபார்க்கும் டோட் டிக்கெட்டை வாங்கி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். அறிவிப்பாளரின் வீட்டு டிக்கெட் என்பதால் பில்லிங்கே, அதுவரை சொன்ன எண்களைக் காட்டும் பலகையில் ஒத்துப்பார்த்தார். எல்லாம் சரி. கடைசி எண் நாற்பத்து நாலு. அதுவும் சரி.

அவர் மேடை அருகே வந்து அண்ணாந்தார். ஹாலுக்கே கேட்கும்படி கேட்டார்.

"நோரீன், குரல் வந்தப்ப நீ அடுத்த எண்ணை ஆரம்பிச்சுட்டியா?"

மைக்கில் ஓசை வந்தது எல்லோருக்கும் கேட்டிருக்குமா? குரலும் ஓசையும் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்தன. யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் அவளைக் கேட்கிறார். அறிவிப்பாளர் சொல்வதே முடிவு. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அம்மாவுக்குப் பரிசு, லினெட்டுக்குப் பெருமை, மாலையில் மூவரும் ஒரே மேசையில் கேக் வெட்டலாம்.

கையில் பந்து கனத்தது. அறுபத்து மூன்று. இந்த எண்ணுக்காக இந்த ஹாலில் யாரோ ஒருத்தி உயிரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அவளுக்கு மேடையில் மகள் இல்லை.

"ஆரம்பிச்சுட்டேன்" என்றாள் நோரீன். "முதல் ஓசை வந்துடுச்சு. செல்லாது."

"அநியாயம்!" லினெட்டின் குரல் கூரையைத் தொட்டது. "இவ முந்திட்டா! தினம் கேட்கற குரல் எனக்குத் தெரியாதா? ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்தது சொல்லுவா. இப்ப விடலை! பெத்த தாய்க்கு இப்படிப் பண்ணுவியாடி?"

"உட்காரும்மா" என்று யாரோ சொன்னார்கள். "விதின்னா விதிதான்" என்றது இன்னொரு குரல். "தொண்டையில கத்தி பட்டவளுக்கு என்ன விதி?" என்றது மூன்றாவது. பில்லிங் இரண்டு கையையும் உயர்த்தி அடக்கினார்.

மேவிஸ் லினெட்டின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். லினெட் குனிந்தாள். மேவிஸ் அவள் காதில் வாயை வைத்தாள்.

என்ன சொன்னாள் என்று நோரீனுக்குக் கேட்கவில்லை. ஆனால் லினெட்டின் முகம் கலங்கியதும், அவள் தொப்பென்று உட்கார்ந்து, இப்போது தன் வாயை மாமியாரின் காதருகே கொண்டுபோனதும் தெரிந்தது.

"தொடரலாம்" என்றார் பில்லிங்.

"ஆறும் மூணும், அறுபத்து மூணு."

"ஹவுஸ்" என்று வலது மூலையிலிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது. மிஸஸ் ப்ரூ. காதில் கருவி மாட்டிக்கொண்டு தினமும் வந்து, தினமும் வெறுங்கையோடு போகிறவள். எல்லோரும் தன்னை முறைப்பதாக நினைத்துப் பயந்துபோய், மன்னிப்புக் கேட்பது போல டிக்கெட்டை நீட்டினாள். நோரீனுக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது, ஓடிப்போய் ஒளிந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

இடைவேளை விட்டார்கள். தேநீருக்கும் இறைச்சிப் பலகாரத்துக்கும் கூட்டம் வரிசை கட்டியது.

பில்லிங் மேடைக்கு வந்தார். முகத்தில் சந்தோஷம். "நோரீன், ஒண்ணு சொல்லட்டுமா? சொந்தத் தாய்க்கு மறுத்தே பாரு, அந்த நெஞ்சுரம் எத்தனை ஆம்பிளைக்கு வரும்? இனி எவன் என்ன சொல்றான்னு பார்ப்போம். திங்கக்கிழமையிலேர்ந்து மைக் உனக்கு."

மூன்று மாதமாக இந்த வார்த்தைக்காகத்தான் ஏங்கினாள். வந்தபோது அது வாயில் மண்ணாக இருந்தது.

"மிஸ்டர் பில்லிங், லினெட் சொன்னது நிஜம்."

"எது?"

"நான் முந்திட்டேன். அம்மா வாயைத் திறந்ததைப் பார்த்தேன். காத்திருந்தேன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயம். பயத்துல அரை மூச்சு முன்னாடியே ஆரம்பிச்சுட்டேன். வேற யாராவதா இருந்தா முழு மூச்சு விட்டிருப்பேன். இடைவெளி எல்லாருக்கும் ஒண்ணு. எங்கம்மாவுக்கு மட்டும் குறைச்சுட்டேன்."

பில்லிங் கழுத்துப் பட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எண் சொன்னது சொன்னதுதான். மிஸஸ் ப்ரூகிட்டேர்ந்து திரும்ப வாங்க முடியாது."

"வாங்கக் கூடாது. நான் அதைக் கேட்கலை."

"இதை நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம்."

"ரெண்டாவது பாதியை முடி. அப்புறம் என் ரூமுக்கு வா" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். குரலில் கோபமா, வேறு ஏதாவதா என்று அவளால் கணிக்க முடியவில்லை.

மேடை விளிம்பில் யாரோ தட்டினார்கள். அம்மா. பின்னால், ஒரு அடி தள்ளி லினெட்.

மேவிஸ் விரலை மடக்கிக் கூப்பிட்டாள். நோரீன் முழந்தாளிட்டுக் குனிந்து, காதை அம்மாவின் வாயருகே கொண்டுபோனாள்.

"முந்திட்டே."

"ஆமாம்மா."

"என்னைப் பார்த்துட்டுத்தான் முந்துனே."

"ஆமா."

"சரி, அது ஆட்டம். ஆட்டத்துல ஆயிரம் இருக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "சனிக்கிழமை அபர்தீனுக்குப் போறாளாம். நம்ம மாண்டியையும் கூட்டிக்கிட்டு. உன்கிட்ட சொன்னாளாம்."

நோரீன் நிமிர்ந்து லினெட்டைப் பார்த்தாள். லினெட் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"இன்னைக்கு வந்தப்புறம்தான் சொன்னாம்மா. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு வாக்கு வாங்கிட்டா."

"தெரிஞ்சுக்கிட்டு அங்க ஏறி உட்கார்ந்து, வாத்து, டாக்டர்னு ஜோக்கடிச்சுக்கிட்டிருந்தே. என் பேத்தி போறா, எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்."

"அம்மா, நான்—"

மேவிஸ் மகளின் கழுத்தைப் பிடித்து இன்னும் கீழே இழுத்தாள். காற்றாக வந்த ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.

"பேசாம இருக்கறதுக்கு எனக்கு எப்பவும் ஒரு ஆள் வேணும், நோரீன். அது என் குணம், உனக்கே தெரியும். ஒரு வருஷமா அந்த சீட்ல இவ உட்கார்ந்திருந்தா. இன்னைக்கு எழுந்துட்டா. சீட்டு காலி. நீ போய் உட்காரு."

கையை எடுத்தாள். திரும்பினாள். லினெட்டின் முழங்கையில் கையைக் கோத்துக்கொண்டாள்.

லினெட் ஒரு நொடி தயங்கி, "சாயங்காலம் தேநீருக்கு வரச் சொன்னாங்கடி. மாண்டியோட" என்றாள். அப்புறம் அவசரமாக, "தேநீருக்கு மட்டும்தான் சரின்னேன். ரயில் டிக்கெட் எடுத்தாச்சு" என்று சேர்த்துக்கொண்டாள். மேவிஸ் முழங்கையை இழுக்க, இருவரும் தேநீர் வரிசைப் பக்கம் நடந்தார்கள்.

நோரீன் மேடை விளிம்பிலேயே முழந்தாளிட்டிருந்தாள். கேட்டது கிடைத்துவிட்டது. ஒரு வருஷம் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உருளைக்கிழங்கு உரித்தது இதற்குத்தான். ஆனால் இதற்கு விலையாக அம்மா தன்னையே கேட்பாள் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. சிரிப்பு வந்தது. கண்ணும் நிறைந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

மணி அடித்தது. இரண்டாவது பாதி.

"கண்ணைக் கீழே வையுங்க, ஆட்டம் ஆரம்பம். கதவுச் சாவி, இருபத்தொண்ணு."

கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு முழு மூச்சு.

"அஞ்சும் எட்டும், ஐம்பத்தெட்டு."

ஒரு முழு மூச்சு. இப்போது குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. பில்லிங் பழையபடி கதவருகே நின்றிருந்தார்.

பேனாக்கள் குனிந்த அந்த அமைதிக்குள் ஒரு சத்தம் கேட்டது. துருத்தியில் காற்று போவது போல, உஸ் உஸ்ஸென்று. நிறுத்தாமல், மூச்சு வாங்கி, மறுபடி. வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் அந்தத் தாளம் நோரீனுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அம்மா யாருக்கோ வரிசையாகக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நடுவில், அடக்க முடியாமல், லினெட்டின் சிரிப்பு.

"ஷ்ஷ்!" என்றது பின்வரிசை. "மூணாவது வரிசை! ஆட்டம் நடக்குது!"

தலைகள் மேடைப் பக்கம் திரும்பின. அடக்க வேண்டியது அறிவிப்பாளரின் வேலை. 'மூணாவது வரிசை, தயவுசெஞ்சு அமைதி.' அவ்வளவுதான். ஒரு வாக்கியம். மூன்று மாதத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

நோரீன் கடிகாரத்தை விட்டுக் கண்ணை இறக்கினாள். வெந்நீர்க் குழாயை ஒட்டி இரண்டு தலைகள் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தன. மேவிஸின் கை லினெட்டின் முழங்காலில் இருந்தது. சனிக்கிழமைக்குள் அவர்கள் பேச வேண்டியது எவ்வளவோ இருந்தது.

அடுத்த பந்து கைக்கு வந்தது. பார்த்தாள். வாயைத் திறக்கவில்லை.

ஒரு முழு மூச்சு விட்டாள். அப்புறம் இன்னொன்று.

"என்னம்மா, தூங்கிட்டியா?" என்று ஒருவர் கேட்டார். பில்லிங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கட்டியிருந்த கைகளை மெல்லப் பிரித்துக்கொண்டு மேடையை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

நோரீன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.